கீழிமை

வியாழக்கிழமை, ஒலுமடு கிளினிக்.
பதினான்கு கீழிமைகளை இழுத்துப் பார்த்தேன்.
மேலே பார் என்றால் கூரையைப் பார்ப்பார்கள்.
கூரையில் ஒரு பல்லி,
ஓடாத மின்விசிறி.
ஒன்பது பேருக்கு அட்டையில் சரி போட்டேன்.
ஐந்து பேருக்கு
மூன்று நாள் தண்ணீரில் கிடந்த
செம்பரத்தம்பூவின் நிறம்.

ஐந்து பரவாயில்லை என்றார் மேலதிகாரி.
போன மாதம் ஏழு.

ஐவரில் இருவரைப் பற்றிப் பயமில்லை.
ஆறாம் மாதத்தில் உடம்பு தானே மடை திறக்கும்.
மாரியில் குளம் வான்பாயுமே, அப்படி.
தண்ணீர்தான் ஏறுகிறது,
மீன் குறையவில்லை.
பத்தரைக்குக் கீழே இறங்காதவரை
அடுத்த மாதம் வா என்று அனுப்பலாம்.

சகாயவதி செருப்பில்லாமல் வயலுக்குள் இறங்குகிறவள்.
விரலிடுக்கு வழியாக ஏறிய கொழுக்கிப்புழு
குடலில் தொங்கிக்கொண்டு
அவளுக்கு முன்னரே சாப்பிடுகிறது.
பூச்சிக் குளிசை கொடுத்தேன்.
செருப்பு கொடுக்க என்னிடம் படிவம் இல்லை.

ஜெயநிலா குளிசையை விழுங்கிய கையோடு
பிளேன்ரீ குடிப்பவள்.
இரும்பைச் சாயம் பிடித்துவைத்துவிடும் என்று
எத்தனை தடவை சொல்லியிருப்பேன்.
"மத்தியானம் அதுதானே மிஸி சாப்பாடு" என்றாள்.
வீட்டில் ஆறு கோழி.
முட்டை முழுவதும் செவ்வாய்க்கிழமைக்கு.
செவ்வாய் லோன்காரர் வரும் நாள்.

(போன வருடம் ஒருத்தி இருந்தாள்.
விரதம், முட்டையும் தொடமாட்டாள்.
நாக்கு கண்ணாடிபோல் வழுவழுத்து
அணுக்கள் ஊதிப் பெருத்து.
அவளுக்கு இரும்பு தேவைப்படவில்லை, ஊசி தேவைப்பட்டது.
இரத்தம் குறைவு என்ற ஒரே வார்த்தைக்குள்
இத்தனை வீடுகள்.)

ஐந்தாவது தர்மினி.
மூன்று மாதமாக ஒன்பதில் நிற்கிறாள்.
"எங்க எறிஞ்சனீ குளிசையை?"
"எறியேல்ல மிஸி."
"பொய் சொல்லாத."
வெறும் மட்டைகளைப் பையிலிருந்து எடுத்துக் காட்டினாள்.
வெளிக்குக் கறுப்பாகப் போகிறது என்று
வரிசை முழுக்கக் கேட்கச் சொன்னாள்.
நான் நம்பவில்லை.
சிவப்புப் பேனையால் அட்டையில் எழுதினேன்:
ஒத்துழைப்பில்லை.

வவுனியாவுக்குப் போன இரத்தம்
இன்று கடுதாசியாகத் திரும்பியிருக்கிறது.
இரும்பு வேண்டிய மட்டும் இருக்கிறது.
அணுக்கள்தான் சிறியவை, பிறந்த நாள் தொட்டு.
தலசீமியா, நோயாக அல்ல,
ஒற்றை இழையாக.
இரும்பை நிறுத்தி
போலிக் அசிட்டைத் தொடரச் சொன்னார் டொக்டர்.

தாயிடமிருந்து வந்திருக்கும், அல்லது தகப்பனிடமிருந்து,
என்று விளங்கப்படுத்திக்கொண்டு போனவள்
பாதியில் நிறுத்திக்கொண்டேன்.
இருவரும் மாத்தளனில், ஒரே பகலில்.
அவளுக்கு அப்போது எட்டு வயது.
ஒரு படம்கூட மிஞ்சவில்லை என்று
முதல் வரவிலேயே சொல்லியிருந்தாள்,
குடும்ப வரலாறு என்ற கட்டத்தை நான் நிரப்பும்போது.

"அப்ப இது அவையின்ரயா மிஸி?"
கேட்ட குரலில் பயம் இருக்கவில்லை.
"ஆற்ற எண்டு சொல்லுமா இந்தக் கடுதாசி?"
சொல்லாது என்றேன்.

மிச்சத்தையும் நான்தான் சொல்ல வேண்டும்:
கணவனுக்கும் இந்த இழை இருந்தால்
நாலில் ஒரு பங்கு,
பிள்ளைக்கு மாதாமாதம் இரத்தம் ஏற்ற நேரலாம்.
இல்லாவிட்டால் ஒன்றுமில்லை.
அவரும் சோதிக்க வேண்டும்.

சிவப்பு எழுத்தின் மேல் கோடிழுத்தேன்.
சிவப்பின் மேல் சிவப்பு, சரியாக அழியவில்லை.
பக்கத்தில் கையெழுத்தும் திகதியும் வைத்தேன்.
மன்னிப்புக்கு அட்டையில் இடம் விட்டிருக்கவில்லை,
வாயாலும் வரவில்லை.

வெளியே வந்தபோது
என் ஸ்கூட்டர் கண்ணாடிக்குக் குனிந்து
தன் கீழிமையைத் தானே இழுத்து
உள்ளே யாரையோ தேடுபவள்போல் நின்றாள்.
என்னைக் கண்டதும் நிமிர்ந்து
"அவர் கட்டாரில, கார்த்திகைக்குத்தான் லீவு" என்றாள்.

பிள்ளை ஆவணிக்கு.